யூகேஜிக்கு மாற்றாமல் இருந்த ஒரு வருடம்: நிகழ்வு ஆய்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்களைப் போன்ற சிறிய மழலையர் பள்ளி நடத்துபவர்கள் பொங்கல் முடிந்ததும் ஒரு கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். "எல்கேஜி வரைக்கும் இங்க இருந்துட்டா. யூகேஜிக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல போட்டுரலாமா மிஸ்?" அப்படிக் கேட்டு, யோசித்து, கடைசியில் மாற்றாமல் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. குழந்தையின் பெயர், ஊர், பள்ளிகளின் பெயர் எதையும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் எங்கள் அன்றாடப் பதிவேட்டிலிருந்தும் பெற்றோருடன் பேசியதிலிருந்தும் எடுத்தது.

பின்னணி

பள்ளி நடப்பது குத்தகைக்கு எடுத்த ஒரு பழைய வீட்டில். முகப்பும், நடுமுற்றம் உள்ள வளவும் எங்களுக்கு, பின்பக்கத்து இரண்டாங்கட்டு பூட்டியே இருக்கும். வளவைச் சுற்றியுள்ள பத்தியில் தாழ்வான அலமாரிகள், தரையில் ஆத்தங்குடிக் கல். ஆளுக்கொரு சின்னக் கோரைப்பாய். ஒரு குழந்தை அலமாரியிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துவந்து, பாயை விரித்து, வேலையை முடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லோரும் ஒரே இடத்தில்தான். வகுப்புப் பிரிவு கிடையாது. எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஆகவே இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் இருவர். பிள்ளைகள் எங்களை அக்கா என்பார்கள்.

இந்த முறை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியுடையது. 1907இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அவர் தன் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே கூடத்தில், மூன்று வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் முறையின் அடிப்படை. மூன்றாவது வருடம் நம் கணக்கில் யூகேஜி. பெரும்பாலான பெற்றோர் அந்த வருடத்தில்தான் பிள்ளையை மாற்றுகிறார்கள்.

இந்தச் சிறுமி 2022 ஜூனில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது பத்து மாதம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா சிங்கப்பூரில் வேலை. இங்கே அம்மா, அப்பாவைப் பெற்ற அப்பத்தா, ஐயா மூவரும் இருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டு வரை பார்த்தது

அமைதியான பிள்ளை. முதல் வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றும் வேலை, பித்தான் போடும் சட்டம், சின்னப் பித்தளைச் செம்பைப் புளி தேய்த்து விளக்குவது, இவைதான். இரண்டாம் ஆண்டில் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகினாள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடுவாள். ஆனால் சேர்த்துப் படிக்க வரவில்லை. பத்து வரை எண்ணுவதும், எண்ணிய அளவுக்குப் பொருளை எடுத்து வைப்பதும் உறுதியாக இருந்தது. ஆங்கிலத்தில் பாட்டும் பொருள்களின் பெயரும் தெரியும், எழுத்து தெரியாது.

பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிப்பு உண்டு: 'மணி வேலைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.' ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கு மணிகளை வைத்துக் கூட்டல் போடும்போது, இவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பாய்க்கு வெளியே நிற்பாள். தொட மாட்டாள், கேட்கவும் மாட்டாள். முடியும்வரை நின்று பார்த்துவிட்டுச் செம்பு விளக்கப் போய்விடுவாள்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. வீட்டில் தெரிந்தது பக்கத்து வீட்டுப் பையனின் நோட்டு. அவன் காரைக்குடியில் யூகேஜி. பக்கம் பக்கமாக எழுதினான், வாய்ப்பாடு சொன்னான். அப்பத்தா ஒருநாள் வாசலில் வைத்தே கேட்டார்: "செம்பு விளக்கவா மாசாமாசம் பணங்கட்டுறோம்? அதை நான் வீட்டுலயே சொல்லிக் குடுத்துருவேனே." கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இடம் கிடைத்தது

2024 பொங்கல் கழித்து, காரைக்குடியில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் யூகேஜிக்கு இடம் கிடைத்துவிட்டதாக அம்மா வந்து சொன்னார். மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். அவர் சொன்ன காரணங்கள் எதுவும் அற்பமானதில்லை. யூகேஜியை விட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம் இருக்காது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். வேன் வீட்டு வாசலுக்கே வரும். ஆங்கிலம் முன்னாலேயே தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா ஊரில் இல்லாத வீட்டில் பிள்ளையின் படிப்பு பின்தங்கினால் பேச்சு வாங்கப்போவது அம்மாதான்.

நாங்கள் உடனே மறுப்புச் சொல்லவில்லை. முதலில் வயதுக் கணக்கைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். இவள் ஆகஸ்டில் பிறந்தவள். 2024 ஜூலையில் ஐந்து நிறையாது. ஆகவே எங்கே படித்தாலும் ஒன்றாம் வகுப்பு 2025 ஜூனில்தான். இங்கே தங்குவதால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. இது அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்புறம் சில பள்ளிகளில் நேரில் விசாரித்தோம். சில இடங்களில் யூகேஜி பிள்ளைகள் போக மிச்சமிருந்தால்தான் என்றார்கள். வேறு சில இடங்களில் ஒன்றாம் வகுப்பில் புதுப் பிரிவே தொடங்குகிறார்கள்.

பின்னர் அம்மாவையும் ஐயாவையும் ஒரு காலைப்பொழுது முழுக்க வளவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம். பேசக் கூடாது, பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அன்று ஐந்தரை வயதுப் பையன் ஒருவன், நான்கு வயதுப் பிள்ளைக்குத் துண்டுச்சீட்டில் இருந்த சொற்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இவர்கள் வீட்டுப் பெண் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஐயா அதை நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்ததும், "எங்க அய்யா திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. சட்டாம்பிள்ளைதான் சின்னப் பயலுகளுக்குச் சொல்லிக்குடுப்பானாம். இதுவும் அதுதானே?" என்றார்.

கிட்டத்தட்ட அதுதான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சென்னையில் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்தப் பழக்கத்தைத் தன் பள்ளியில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பரவியது. நம் அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலிலும் ஒன்று முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கலந்தே உட்கார்ந்தார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் ஐயாவிடம் சொன்னோம். சட்டாம்பிள்ளையை வாத்தியார் நியமிப்பார், அவன் கையில் அதிகாரம் இருக்கும். இங்கே யாரையும் நியமிப்பதில்லை. சின்னது கேட்டால்தான் பெரியது சொல்லும்.

முடிவும் காரணமும்

அப்பாவுடன் அலைபேசியில் முகம் பார்த்துப் பேசினோம். அவர் வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தார். நாங்கள் அவரிடம் வைத்த வாதம் இதுதான். இவள் இரண்டு வருடமாக நின்று பார்த்த வேலைகள் எல்லாம் இனிமேல்தான் அவள் கைக்கு வரப்போகின்றன. இப்போது கூட்டிப்போனால், பார்த்ததோடு நின்றுவிடும். இரண்டாவது, வீட்டில் தம்பி தங்கை இல்லாத பிள்ளை. இதுவரை கூடத்தில் சின்னவளாக, நடுவயதுக்காரியாக இருந்து வாங்கிக்கொண்டவள். பெரியவளாக இருந்து கொடுக்கும் வாய்ப்பு அவளுக்கு வேறெங்கும் அமையாது. யூகேஜியில் எல்லோரும் அவள் வயதுதான்.

எதற்கு உறுதி தர முடியாது என்பதையும் சொன்னோம். ஆங்கில எழுத்தில் யூகேஜிப் பிள்ளைகளைவிடப் பின்னால்தான் இருப்பாள். நோட்டு நிறைய எழுத மாட்டாள். ஒன்றாம் வகுப்பின் முதல் மாதம் தடுமாறலாம்.

ஐயா குறுக்கே ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கதிரு பால் பிடிக்கிற நேரத்துல மடையை அடைக்கக் கூடாதுப்பா." அப்பா சிறிது நேரம் பேசவில்லை. "சரி, இருக்கட்டும் மிஸ். ஆனா என்ன நடக்குதுன்னு மாசம் ஒரு தடவை எனக்குத் தெரியணும்" என்றார். யூகேஜி இடத்தை விட்டுவிட்டார்கள். முடிவு முழுக்க அவர்களுடையது. அப்பத்தாவுக்கு அன்று அதில் சம்மதம் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

தொடக்கம் நன்றாக இல்லை. பெரிய பிள்ளைகள் போய்விட்டார்கள், புதிதாகச் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவர்களில் ஒருத்தியாகிவிட்ட இவள் அதிகாரம் செய்யத் தொடங்கினாள். மூன்று வயதுப் பிள்ளை தண்ணீர் ஊற்றினால், "சிந்துற, குடு, நான் ஊத்துறேன்" என்று குவளையைப் பிடுங்கிவிடுவாள். அவளுக்கு அது உதவி. குவளையை இழந்த பிள்ளைக்கு அழுகை.

அவளைக் கண்டித்து நிறுத்துவதா, விடுவதா என்று நாங்கள் இருவரும் பேசினோம். நிறுத்தினால், சின்னப் பிள்ளைகள் பக்கமே போக மாட்டாள். அதனால் மற்ற வேலைகளைக் கற்றுக்கொடுப்பதைப் போலவே, உதவி செய்வதையும் ஒரு வேலையாகக் காட்டிக்கொடுத்தோம். பக்கத்தில் உட்கார வேண்டும். கை மடியில் இருக்க வேண்டும். அவர்களாகக் கேட்கும்வரை பொருளைத் தொடக் கூடாது. கேட்டால் ஒருமுறை மெதுவாகச் செய்துகாட்டிவிட்டுப் பொருளை அவர்களிடமே திருப்பிக்கொடுக்க வேண்டும். இதை நடித்துக் காட்டினோம். இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேண்டுமே. பெரியவர்களுக்கே கைவராத அடக்கம் அது.

அந்த மாதங்களில்தான், தினமும் காலையில் முகப்புத் தூணைக் கட்டிப்பிடித்து அழும் ஒரு பையன் இருந்தான். அவனை உள்ளே கூட்டிவர எங்கள் இருவராலும் முடியவில்லை. ஒருநாள் இவள் பித்தளைச் செம்பு, புளி, தண்ணீர்க் கிண்ணம், இரண்டு துணி எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு துணியை அவன் பக்கம் வைத்தாள். அவனிடம் பேசவே இல்லை. விளக்கி, துடைத்து, பளபளப்பாக்கி, உள்ளே எடுத்துவந்து வைத்தாள். மறுநாளும் அப்படியே. சில நாள் கழித்து அவன் துணியை எடுத்துச் செம்பைத் துடைத்தான். துடைத்த செம்பை அலமாரியில் வைக்க அவளோடு உள்ளே வந்தான். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

அம்மாவின் கேள்வி

செப்டம்பரில் மாதாந்திரச் சந்திப்பில் அம்மா நேரடியாகக் கேட்டார்: "சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கறதுக்கு எம்பொண்ண வச்சுக்கிறீங்களா மிஸ்? அவ எப்பப் படிப்பா?"

கலப்பு வயதுக் கூடம் நடத்துபவர்கள் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. இரண்டு பெரியவர்கள், ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் என்றால், பெரிய பிள்ளையை எடுபிடியாக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் இரண்டு வாரம் இவள் எதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறாள் என்று தனியாகக் குறித்தோம். காலை வேலை நேரத்தில் பெரும்பகுதி அவளுடைய சொந்த வேலைக்கே போனது. ஆனால் சில நாள்களில் கடினமான கணக்கு வந்ததும் எழுந்து, சின்னப் பிள்ளைகளிடம் போய்விடுவதும் தெரிந்தது. உதவி அவளுக்குத் தப்பிக்கும் வழியாகவும் இருந்தது.

இதற்காக ஒரு மாற்றம் செய்தோம். காலையில் முதலில் எடுக்கும் வேலை அவளுக்கே கொஞ்சம் கடினமானதாக இருக்கும்படி, முந்தின நாளே அவளோடு பேசி அவளையே தேர்ந்தெடுக்க வைத்தோம். அது முடிந்த பிறகு உதவி. குறித்த தாள்களை அம்மாவிடம் காட்டினோம், அப்பாவுக்கும் படம் எடுத்து அனுப்பினோம்.

அதே மாதத்தில் நான்கு வயதுப் பையனுக்கு அவள் ண எழுத்தைக் காட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அவன் இரண்டு சுழியோடு நிறுத்திவிட்டான். அவள் தப்பு என்று சொல்லவில்லை. அவன் விரலைப் பிடித்து உப்புத்தாள் மேல் மறுபடி கொண்டுபோய், "ஒரு சுழி, இன்னொரு சுழி, போ போ, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே மூன்றாவது சுழியைச் சுற்றினான். பக்கத்தில் ன எழுத்துப் பலகையை எடுத்துவந்து வைத்து, "இது தம்பி, அது அண்ணன்" என்றாள். அந்தச் சொல் எங்களுடையதில்லை. அவளே கண்டுபிடித்தது.

ஐப்பசிக்குப் பிறகு

தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் எழுத்து திறந்துகொண்டது. அட்டையில் வெட்டிய எழுத்துகளை அடுக்கி, தான் சொல்ல நினைத்ததைச் சொல்லாக்கத் தொடங்கினாள். இந்த முறையில் பிள்ளைகள் முதலில் எழுதுவார்கள், பிறகுதான் படிப்பார்கள். பென்சில் பிடிக்கும் கை தயாராகும் முன்பே மனதில் உள்ளதை அடுக்கிவிட முடிவதால் அப்படி நடக்கிறது. அவள் அடுக்கிய முதல் வாக்கியம் 'அபத்தா தோசை சுட்டாக'. நாங்கள் திருத்தவில்லை. சில நாள் கழித்து, தாளில் பார்த்து எழுதி வைத்திருந்த அதையே எடுத்து வாய்விட்டுப் படித்தவள், முதல் சொல்லிலேயே நின்றாள். "அ…பத்தா இல்ல, அப்பத்தா" என்று சொல்லி, எழுந்து போய்ப் பெட்டியில் ப் தேடி எடுத்துவந்தாள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அப்பத்தா அதை மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டதாக அம்மா பிறகு சொன்னார்.

தமிழ் படிக்கும் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். கொ, கோ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. தேவகோட்டைப் பேருந்தின் பலகையைப் பார்த்து இவளும் இவள் வயதுச் சிறுமி ஒருத்தியும் சண்டையே போட்டார்கள். ஒருத்தி கோ எழுத்தைக் கே என்று படித்துவிட்டு, மிஞ்சிய துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். இவள் இரண்டு குறியையும் இரண்டு விரலால் மூடி, "நடுவுல உள்ளதப் பாரு, க. இப்ப ரெண்டு பக்கமும் தொற, கோ" என்றாள். நாங்கள் சொல்லித்தரும் முறையைவிட அது நன்றாக இருந்தது. இப்போது நாங்களும் அப்படித்தான் சொல்லித்தருகிறோம்.

கணக்கில் எங்களுக்கு மறக்க முடியாத காலைப்பொழுது டிசம்பரில் வந்தது. அதே இரண்டு சிறுமிகள் 2,846ஐயும் 1,375ஐயும் கூட்டினார்கள். தனி மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கட்டி என்று நான்கு அளவு. எங்கே பத்து சேர்கிறதோ அதை வங்கியில் கொடுத்து அடுத்த பெரியதை வாங்க வேண்டும். வங்கியில் உட்கார்ந்திருந்தது நான்கு வயதுப் பையன், அந்த ண பையனேதான். அவனுக்குக் கூட்டல் தெரியாது. பத்து எண்ணி வாங்கி ஒன்று கொடுக்கத் தெரியும்.

விடை 3,221 என்று எழுதிவிட்டார்கள். பெருமையாக எங்களைக் கூப்பிட வந்தபோது வங்கிக்காரப் பையன், "நான் குடுத்த பெட்டி எங்க?" என்றான். பத்து நூறுச் சதுரத்தை வாங்கிக்கொண்டு அவன் கொடுத்த ஆயிரம் கட்டி அவன் பாய் ஓரத்திலேயே கிடந்தது. இவள் அதைத் தூக்கிவந்து மற்ற மூன்றோடு வைத்தாள். மறுபடி எண்ணி, 3ஐ அழித்து 4 ஆக்கினாள். 4,221. அப்புறம் அவனைப் பார்த்து, "நீ கேக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். கலப்பு வயதில் பெரியது சின்னதுக்குக் கொடுக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அன்று திரும்பி வந்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவளிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. படம் வரைந்துகொண்டே இருந்தாள். விட்டுவிட்டோம். மார்ச் முடிவில் தமிழில் புதுக் கதைப்புத்தகம் கொடுத்தால் தானாகப் படிப்பாள். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்களை ஒலி கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான்.

ஒன்றாம் வகுப்பில்

2025 ஜூனில் காரைக்குடியில் மாநிலப் பாடத்திட்டம் நடத்தும் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்தாள். முன்பு இடம் கொடுத்த பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அம்மாவின் அந்தப் பயம் சரிதான்.

முதல் சில வாரங்கள் சிரமம். தாகம் எடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிடுவாள், கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் வகுப்பிலேயே மெதுவானவர்களில் ஒருத்தி. நான்கு கோட்டு நோட்டில் ஆங்கில எழுத்து கோட்டுக்குள் நிற்கவில்லை. பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, பேசியதற்காகத் திட்டு வாங்கினாள். அதுதான் அவளுக்குப் புரியவே இல்லை என்று அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து, "அவளுக்குத் தெரியல, அதான் சொன்னேன். அது தப்பாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆடி மாதம் வாக்கில் பள்ளியின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. அரையாண்டுத் தேர்வின்போது வகுப்பாசிரியை அம்மாவிடம் சொன்னது: தமிழில் பாடப்புத்தகத்தை முழுக்கப் படிக்கிறாள், கணக்கில் இடமதிப்பு கேட்டால் காரணம் சொல்கிறாள், ஆங்கிலச் சொல்லெழுத்தில் இன்னும் உழைக்க வேண்டும், ஒரு வேலையைக் கொடுத்தால் முடிக்காமல் எழுவதில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் அப்பா எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. அதே வருடம் எங்களிடமிருந்து யூகேஜிக்கு மாறிய இன்னொரு பிள்ளையும் நன்றாகவே படிக்கிறது. பள்ளியைத் தேடித் தேர்ந்தெடுக்கும் குடும்பமே பிள்ளைக்கு ஒரு பலம் என்பதால், பலன் பள்ளியால் வந்ததா வீட்டால் வந்ததா என்று பிரிப்பது கடினம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் உளவியல் ஆய்வாளர் ஏஞ்சலின் லில்லார்ட் செய்து 2006இல் வெளியான ஆய்வுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். மாண்டிசோரி பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் அவர் ஒப்பிட்டார். மூன்று முதல் ஆறு வயதுக் கூடத்தை முடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்திலும் கணக்கிலும், சண்டையைப் பேசித் தீர்ப்பதிலும் முன்னால் இருந்தார்கள். ஹார்ட்ஃபோர்டு நகரில் 141 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது. அங்கே உள்ள கூடங்களும் நம் வளவும் ஒன்றில்லை. ஆனாலும் நாங்கள் பார்த்ததற்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இனி மாற்றிச் செய்வது

மூன்றாம் ஆண்டைப் பற்றிய பேச்சைச் சேர்க்கையின்போதே தொடங்குகிறோம். பொங்கலுக்குப் பிறகு, பணம் கட்டக் கடைசித் தேதி நெருக்கும்போது, எந்தப் பெற்றோராலும் நிதானமாக யோசிக்க முடியாது. வயதுக் கணக்கும், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக இடம் இருக்கும் என்ற பட்டியலும் இரண்டாம் ஆண்டின் தீபாவளிக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் முடிவெடுப்பவர்களில் பாட்டி தாத்தாவும் உண்டு என்பதால், உட்கார்ந்து பார்க்கும் காலைப்பொழுதுக்கு அவர்களையும் அழைக்கிறோம். இந்த வருடம் வந்த பெரியவர்களில் இந்த அப்பத்தா அனுப்பிவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய பிள்ளைகள் உதவியில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று பருவத்துக்கு ஒருமுறை குறித்துவைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. யாராவது சொந்த வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்றால் அதில் தெரிந்துவிடும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில், கிளம்பப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் கொஞ்ச நேரம், சுவரில் எழுதியதைப் பார்த்து எழுதுவது, நான்கு கோட்டு நோட்டு, கை தூக்கிக் கேட்டுவிட்டு எழுவது ஆகியவற்றைப் பழக்குகிறோம். போகும் பள்ளியின் பழக்கம் இது, இதில் எது சரி எது தவறு என்று இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்கிறோம். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்பதும் அதில் ஒரு பாடம்: முதலில் டீச்சரைக் கேள், சரி என்றால் சொல்லிக்கொடு. சேரும் பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதமும் தருகிறோம். பிள்ளை எதைத் தானாகச் செய்யும், எது இன்னும் வரவில்லை, முதல் மாதம் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கும். இதுவரை கொடுத்த பள்ளிகளில் ஒன்று அந்தக் கடிதத்தை வாங்கவில்லை. மற்றவை வாங்கிக்கொண்டன. ஒரு வகுப்பாசிரியை கடிதத்தைப் படித்துவிட்டு, வளவில் ஒருநாள் வந்து உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறோம்.